குற்றவியல் நீதி அறிமுக வகுப்பு: முன்பாதி அருமை, பின்பாதி அவசரம்

முதல் பாதிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். தீர்ப்புக்குப் பிறகு வரும் பகுதிக்கு அப்படிக் கொடுக்க மனம் வரவில்லை.

நான் நன்னடத்தை அலுவலர்; குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியே விடும்போது அவரைக் கண்காணிப்பது என் வேலை. காவல்துறையா, சட்டமா, தடயவியலா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அக்கா மகளுக்காக, குற்றவியல் நீதி அமைப்பையும் அதிலுள்ள வேலைகளையும் அறிமுகப்படுத்தும் இந்த இலவச இணைய வகுப்பை அவளுடன் சேர்ந்து பார்த்தேன்.

ஒரே ஒரு திருட்டு வழக்கை எடுத்துக்கொண்டு, புகார் வந்த நிமிடத்திலிருந்து யார் யார் கைக்கு அது போகிறது என்று காட்டுகிறார்கள். இது நல்ல வழி. விசாரணை அதிகாரியின் வேலை எங்கே முடிகிறது, அரசு வழக்கறிஞரின் வேலை எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகப் புரிகிறது. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அரசு வழக்கறிஞரின் கடமையல்ல, நியாயம் நடக்கச் செய்வதே கடமை என்பதை அழுத்திச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் ஏன் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் கிடியன் என்பவரின் வழக்கைச் சொல்கிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாமல் தண்டனை பெற்ற அவர், சிறையிலிருந்தே பென்சிலால் மனு எழுதினார். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வக்கீலோடு நடந்த மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

தடயவியல் பாடமும் சரியாக இருக்கிறது. ஆய்வகத்தில் இருப்பவர் யாரையும் துரத்திப் பிடிப்பதில்லை. தடயத்துக்கு சீல் வைத்தது யார், எப்போது கைமாறியது என்ற பதிவு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பரிசோதனையும் நீதிமன்றத்தில் ஆட்டம் கண்டுவிடும் என்று பொறுமையாக விளக்குகிறார்கள்.

அப்புறம்தான் ஏமாற்றம். சிறை, பரோல், நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் ஒரே காணொளியில் திணித்து ஓடிவிடுகிறார்கள். தண்டனைக்கு முன் நீதிபதிக்கு நாங்கள் தரும் அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்காகக் குற்றம் செய்தவரின் வீட்டுக்குப் போவோம், வேலை கொடுத்தவரிடம் பேசுவோம், குடிப்பழக்கம் உண்டா, கடன் உண்டா, அவரை நம்பி யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்போம். ஒருவர் சிறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்ற முடிவில் அந்தச் சில பக்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜான் அகஸ்டஸையாவது சொல்லியிருக்கலாம். பாஸ்டனில் காலணி செய்துவந்தவர். 1841-ல் குடிபோதைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் தெளிந்த முகத்தோடு திரும்பிவர, நீதிபதி பெயருக்கு ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் விதித்து அனுப்பினார். எங்கள் தொழில் அங்கேதான் பிறந்தது.

சிறைப் பகுதியில் காவலர்கள் மட்டுமே வருகிறார்கள். உள்ளே வேலை பார்க்கும் மருத்துவர், உளவியலாளர், ஆசிரியர் யாரும் கண்ணில் படவில்லை. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது என்று சொல்லும் ஐ.நா.வின் 2015 மண்டேலா விதிகளும் (கைதிகளை நடத்தும் முறைக்கான விதிகள்) இல்லை.

துறையைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் தாராளமாகச் சேரலாம். பரோல் பகுதியை மட்டும் கவனமாகப் பாருங்கள். சிறையில் கொஞ்ச காலம் கழித்தவரை நிபந்தனையோடு வெளியே விடும் பரோலையும், சிறைக்கே அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் நன்னடத்தைக் கண்காணிப்பையும் அங்கே ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள்.