இசை வகுப்புக்கு ரெக்கார்டரா, உகுலேலேயா?

தொடக்கப் பள்ளியில் இசைக்கென்று தனி ஆசிரியர் இருந்தால், மூன்றாம் வகுப்பு வாக்கில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கருவியைக் கொடுத்துக் கற்றுத் தருவதென்றால் எதைக் கொடுப்பது? வழக்கமாகப் போட்டியில் இருப்பவை நான்கு. கீபோர்டு, கிளாக்கன்ஸ்பீல் (குச்சியால் தட்டி வாசிக்கும் உலோகப் பட்டைகள்), உகுலேலே (நான்கு தந்தியுள்ள குட்டி கிட்டார் மாதிரி), ரெக்கார்டர் (ஒலிப்பதிவுக் கருவி இல்லை, புல்லாங்குழல் மாதிரி ஊதும் குழல்). என் ஓட்டு ரெக்கார்டருக்கு. அது இப்போது பழைய ஃபேஷன் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

கீபோர்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். முப்பது பேருக்கு முப்பது பிளக், அடாப்டர், ஹெட்போன் என்று போனால் கட்டுப்படியாகாது. இருவருக்கு ஒன்று என்றால் பாதி வகுப்பு எப்போதும் வேடிக்கைதான் பார்க்கும். கிளாக்கன்ஸ்பீல் வேறு விஷயம். உலோகப் பட்டைகள் என்பதால் சுருதி கலையாது. கழற்றக்கூடிய பட்டைகள் உள்ளதாக வாங்கி, எஃப், பி (மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்) இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். பிள்ளை எதைத் தட்டினாலும் காதை உறுத்தாது. ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் கற்பித்தல் முறையில் நடத்துகிறவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் மூன்றாண்டு ஓட்டத்துக்குத் தாங்காது. தட்டுவதைத் தாண்டிப் பிள்ளைக்குச் சவால் குறைந்துபோகும்.

உகுலேலேக்கு ஒரு பெரிய பலம் உண்டு: வாய் சும்மா இருக்கிறது, பாடிக்கொண்டே வாசிக்கலாம். சி கார்டுக்கு (கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒரே விரல் போதும். ஏ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டத்தில்) மோதிர விரலை வைத்தால் ஆயிற்று. முதல் நாள் வகுப்பிலேயே பிள்ளைகள் பாட்டோடு மீட்டிவிடுவார்கள், பெற்றோருக்கு வீடியோவும் கிடைத்துவிடும். அடுத்து ஏ மைனர், எஃப். ஜி கார்டில்தான் முட்டும். மூன்று விரலையும் ஒரே நேரத்தில் முக்கோணமாக வைக்க வேண்டும். எஃப்பிலிருந்து ஜிக்குத் தாவுவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதே. சமாளிக்க முடியாதது சுருதி சேர்ப்பது. கணக்கைப் பாருங்கள். முப்பது உகுலேலே, ஆளுக்கு நான்கு தந்தி, மொத்தம் 120 தந்திகள். பழகிய கை ஒரு தந்திக்குப் பத்து விநாடி எடுத்துக்கொண்டால்கூட 20 நிமிடம். வாரத்துக்கு ஒரே ஒரு இசை வகுப்பு, அதுவும் 40 நிமிடம்தான் என்றால் பாதி போய்விட்டது. "முந்தின நாளே சேர்த்து வைத்துவிடலாமே" என்பார்கள். ஒரே செட்டை நான்கு வகுப்புகள் மாற்றி மாற்றி எடுக்கும் பள்ளியில் அது நடக்காது. மூன்றாம் வகுப்பு முடித்து வைக்கும்போதே பத்துக் கருவியிலாவது முறுக்காணியை யாரோ திருகிப் பார்த்திருப்பார்கள். புது நைலான் தந்தி வேறு, இழுபட்டு அடங்க ஓரிரு வாரம் ஆகும். அதுவரை சேர்க்கச் சேர்க்க இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெதுவாக மேலே இழுத்து விட்டு, மறுபடி சேர்த்து, இதை நான்கைந்து முறை செய்தால் சீக்கிரம் அடங்கும். அதையும் 120 தந்திக்குச் செய்ய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பிள்ளைகளையே சேர்க்கச் சொன்னால்? தலைப்பகுதியில் மாட்டும், சுருதி காட்டும் கிளிப் டியூனர் அதிர்வை வைத்து வேலை செய்வதால் வகுப்பு இரைச்சலிலும் ஓரளவு காட்டும். ஃபோன் ஆப் அந்த இரைச்சலில் உதவாது. சிக்கல் வேறிடத்தில் வருகிறது. தந்திகள் ஜி, சி, ஈ, ஏ என்ற வரிசையில் இருக்க வேண்டும். ஜி தந்தியைத் தட்டும் பிள்ளை, திரையில் பச்சை விளக்கோடு 'ஏ' என்று தெரிந்ததும் சரி என்று விட்டுவிடும். பச்சை எரிகிறது, எழுத்து தவறு. இல்லையென்றால் ஒரு தந்தியைத் தட்டிக்கொண்டு வேறு தந்தியின் முறுக்காணியைத் திருகும். டியூனர் அசையவில்லையே என்று மேலும் திருகும். கடைசியில் தந்தி அறும். ஐந்தாம் வகுப்பில் இது பழகிவிடும், மூன்றாம் வகுப்பில் பழகாது. உராய்வில் நிற்கும் முறுக்காணி வைத்த மலிவு மாடல் என்றால் ஐந்தாம் வகுப்பிலும் தலைவலிதான். அதன் முனையிலுள்ள திருகை இறுக்கினால் கொஞ்ச நாள் நிற்கும், மறுபடி நழுவும். வாங்கியே தீருவோம் என்பவர்கள் பல்சக்கரம் வைத்ததாக வாங்குங்கள்.

ரெக்கார்டரில் இந்த வேலையே இல்லை. பையிலிருந்து எடுத்தால் வாசிக்கலாம். ஆளுக்கொன்று என்பது சுகாதாரக் கட்டாயம். அதனாலேயே அது வீட்டுக்கும் போகிறது, பயிற்சி வாரம் முழுக்க நடக்கிறது. (பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைப்பது நல்லது.) மறந்து வருபவர்களுக்கென நான்கைந்து உபரி வைத்திருங்கள். பயன்படுத்தியதும் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசினால் போதும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிவிடும்.

கிறீச்சிடும் என்பதுதான் ரெக்கார்டர் மேல் எல்லாரும் சொல்லும் புகார். புகார் உண்மை, ஆனால் காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பின்துளையை இடக்கைக் கட்டைவிரல் முழுசாக மூடாதது, ஜி வாசிக்கும்போது மோதிர விரல் கசிவது, அளவுக்கு மீறி ஊதுவது. முதல் இரண்டுக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. விரல்களைத் துளைமேல் அழுத்தி ஐந்து எண்ணச் சொல்லுங்கள், பிறகு கையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். விரல் சதையில் முழு வட்டம் பதிந்திருந்தால் சரி. பிறை மாதிரி பதிந்திருந்தால் அந்த விரல்தான் கசிகிறது. பிள்ளை தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். மூச்சுக்கு, 'து' என்று நாக்கால் தொட்டு மெதுவாக ஊதப் பழக்க வேண்டும். நடுவில் ஒலி அமுங்கினால் காற்றுப்பாதையில் ஈரம் தேங்கியிருக்கிறது. தலைப்பகுதியின் சன்னலை (ஊதும் முனைக்குக் கீழே உள்ள திறப்பை) விரலால் லேசாக மூடி ஒரு பலத்த ஊது ஊதினால் திறந்துகொள்ளும்.

வரிசையில் பி, ஏ, ஜி முதலில். மூன்றுக்கும் இடக்கை மட்டும் போதும். பிறகு மேல் சி, மேல் டி. மேல் டியில் கட்டைவிரலையும் எடுத்துவிட்டு நடுவிரல் ஒன்றை மட்டும் வைப்பதால் கருவி கையில் ஆடும், வலக்கைக் கட்டைவிரல் அடியில் தாங்க வேண்டும். கீழ் சியைக் கடைசிக்கு விடுங்கள். சின்ன விரல்களுக்கு எட்டாது.

இதில் பிள்ளை கற்பது ஐந்து கோட்டு ஸ்வரக் குறிப்பைப் படிக்க, மெட்டைத் தனியாக ஏற்று வாசிக்க, மூச்சை அளந்து விட. உகுலேலே வகுப்பில் பெரும்பாலும் கார்டுப் படத்தைப் பார்த்து விரல் வைப்பதோடு நின்றுவிடுகிறது. ரெக்கார்டரிலும் சுருதிப் பிசகு உண்டு. பலமாக ஊதினால் ஏறும், தளர்ந்தால் இறங்கும், குளிர்ந்திருந்தால் தாழ்ந்தே ஒலிக்கும். முப்பது பேர் முப்பது விதமாக ஊதினால் புளிக்கும். ஆனால் அதைச் சரிசெய்வதே பாடம், காதும் மூச்சும் பழகுகின்றன. டியூனரோடு மல்லுக்கட்டுவதில் எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை.

ஒன்று, இரண்டாம் வகுப்பில் ரெக்கார்டர் எப்படி என்று கேட்டால், அந்த வயதில் எனக்கு அனுபவம் குறைவு. என் பேச்சை அங்கே நீட்ட வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது கருவியாக உகுலேலே வந்தால் மறுப்பதற்கில்லை. ரெக்கார்டர் இரண்டு விரல்முறைகளில் (எந்தத் துளைகளை மூடினால் எந்த ஸ்வரம் என்ற அமைப்பு) வருகிறது. வாங்கும்போது ஜெர்மன் விரல்முறை வேண்டாம், பரோக் விரல்முறை என்று கேட்டு வாங்குங்கள். ஜெர்மனில் எஃப் சுலபம்தான், ஆனால் எஃப் ஷார்ப் வரும் நாளில் சுருதி சேராது. பாதி வகுப்பிடம் ஒன்று, பாதியிடம் மற்றொன்று இருந்தால் எஃப் வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் விரல்படத்தை இரண்டு முறை பலகையில் வரைய வேண்டிவரும்.