டிஎம்டியா, சி.டி. ஆஞ்சியோவா?

மாடி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சொல்லி வருபவருக்கு இசிஜியும் எக்கோவும் பல நேரம் நார்மலாகவே இருக்கும். ஓய்வில் உள்ள இதயத்துக்கு, 70 சதவீதம் அடைத்த இதய ரத்தக்குழாயில் வரும் ரத்தமே போதுமானது. அடுத்து எந்தச் சோதனை என்ற குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

டிரெட்மில்லில் நடக்கவைத்து இசிஜி பார்த்து, உழைக்கும்போது ரத்தம் போதுகிறதா என்று காட்டுவது டிஎம்டி. கை ரத்தநாளத்தில் மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்து, குழாய்ச் சுவரில் என்ன படிந்திருக்கிறது என்று காட்டுவது சி.டி. ஆஞ்சியோ. இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரையை வைத்தே இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளலாம். துடிப்பு ஏற வேண்டும் என்பதால் டிஎம்டிக்கு ஓரிரு நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள் (மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்). சி.டி.க்கோ, துடிப்பு 60-65க்குள் அடங்க வேண்டும் என்று அதே மாத்திரையைக் கொடுப்பார்கள்.

டிஎம்டியில் புரூஸ் முறைப்படி மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம் என்று தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். 220இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தைத் துடிப்பு தொட வேண்டும். 50 வயதுக்காரருக்கு சுமார் 145. முழங்கால் வலி என்று 120இலேயே இறங்கிவிட்டவருக்கு 'நெகட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தால் அதை நம்ப முடியாது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எட்டிய துடிப்பையும் நடந்த நிமிடங்களையும்தான் முதலில் பாருங்கள். இசிஜி கோட்டில் எஸ்டி என்ற பகுதி 1 மி.மீ., அதாவது தாளில் ஒரு சின்னக் கட்டம், படுக்கையாகவோ சரிந்தோ இறங்கினால் பாசிட்டிவ். பெண்களுக்கும், பிரஷரால் இதயச் சுவர் தடித்தவர்களுக்கும் அடைப்பு இல்லாமலேயே இப்படி இறங்குவதுண்டு. ஓய்வு இசிஜியிலேயே எல்பிபிபி (இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை) இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

சி.டி.க்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். அயோடின் மருந்து வினாடிக்கு 5 மி.லி. வேகத்தில் பாயும் என்பதால் முழங்கை மடிப்பில் பெரிய வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) தேவை. புறங்கையின் சின்ன ரத்தநாளத்தில் போட்டால் மருந்து வெளியே கசிந்து கை வீங்கும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போனதுபோல் தோன்றும். அப்போது பயந்து, அடக்கிய மூச்சை விட்டுவிட்டால் படம் கலங்கிவிடும். சுண்ணாம்பு அதிகம் படிந்த குழாயிலும், 3 மி.மீ.க்குக் குறைந்த ஸ்டென்ட்டிலும் அடைப்பை இது மிகைப்படுத்திக் காட்டும்.

நாற்பது, ஐம்பது வயது, பழைய இதய நோய் இல்லை, வலி சந்தேகமானது என்றால் நாங்கள் சி.டி.யையே சொல்வோம். அது சுத்தமாக வந்தால் பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும், சுண்ணாம்பு படிந்திருக்க வாய்ப்புள்ள முதியவர்களுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்தை உழைக்கவைத்து எடுக்கும் எக்கோ) பொருத்தம்.

தொந்தரவே இல்லாமல் ஹெல்த் செக்கப்பில் எடுத்த டிஎம்டி நார்மல் என்பதற்காக சிகரெட்டைத் தொடராதீர்கள். 40 சதவீதப் படிவு டிஎம்டியில் தெரியாது; ஆனால் அது வெடித்தால் அங்கேயே ரத்தம் உறைந்து மாரடைப்பு வரும்.

மணிக்கட்டு வழியாகக் குழாய் செலுத்தும் ஆஞ்சியோ, ஸ்டென்ட்டா பைபாஸா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டத்துக்கானது. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து 15 நிமிடம் தாண்டினால் டிஎம்டிக்கு டோக்கன் வாங்கி வரிசையில் நிற்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள். 10 நிமிடத்துக்குள் அங்கே இசிஜி எடுத்தாக வேண்டும்.