குறுக்குப் பேச்சைக் குறைக்கத் தனி வடமா, திரையிட்ட வடமா, புதிய குறியீடா?

மலையகத்தில் எதிர் மலையில் கண்ணுக்குத் தெரிகிற தோட்டக் காரியாலயத்துக்குக்கூடத் தொலைபேசி வடம் பாதையோடு பள்ளத்தாக்கைச் சுற்றித்தான் போகவேண்டும். அந்தச் செப்புக் கம்பிச்சோடிகளில் வினாடிக்கு 2.048 மெகாபிற் வேகத்தில் துடிப்புகளை அனுப்பும்போது ஏறத்தாழ 1.8 கிலோமீற்றருக்கு ஒரு மீட்டுருவாக்கி (தேய்ந்த துடிப்புகளைப் புதிதாக்கி அனுப்பும் கருவி) வைப்பது பழைய வழக்கம். அந்தத் தூரத்தில் 30 டெசிபல் தேய்வு ஏற்பட்டால், வந்து சேர்வது அனுப்பிய ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதே முனையில் பக்கத்துச் சோடி முழுப் பலத்துடன் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். அது இந்தச் சோடிக்குள் கசிவதுதான் அண்மைமுனைக் குறுக்குப் பேச்சு; இதுவே முதல் எதிரி.

போக்குக்கும் வரத்துக்கும் தனித்தனி வடம் போடுவது இதற்கு மிக உறுதியான மருந்து; ஆனால் செங்குத்தான சரிவில் இரண்டாவது வடத்துக்கும் குழி வெட்டவேண்டும் என்பதால் செலவு தாங்காது. ஒரே உறைக்குள் இரு பாதிகளையும் உலோகத் தகட்டால் பிரித்த திரையிட்ட வடம் அந்தப் பலனில் பெரும்பகுதியைத் தருகிறது. புதிதாகப் போடும் இடங்களில் நான் இதையே தெரிவுசெய்வேன். ஏற்கெனவே புதைத்த சாதாரண வடத்தில் இரு திசைகளையும் வெவ்வேறு சோடிக் கட்டுகளில் ஏற்றுவது ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

குறியீட்டை, அதாவது பிற்றுகளைத் துடிப்புகளாக்கும் முறையை, மாற்றுவது வேறு வகை வழி. மாறிமாறி நேர், மறைத் துடிப்புகளை அனுப்பும் ஏஎம்ஐ முறையில் ஆற்றல் 1 மெகாஹேர்ட்ஸ் அளவில் குவிகிறது. அதைத் திருத்திய எச்டிபி3 குறுக்குப் பேச்சையும் குறைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அதன் வேலை தொடர்ச்சியான சுழியங்களிடையே நேரக்கணிப்பு தவறாமல் காப்பது மட்டுமே. ஒரு துடிப்பில் இரண்டு பிற்றுகளை ஏற்றும் 2பி1கியூ முறையோ, எச்டிஎஸ்எல் எனப்படும், செப்புச் சோடிகளில் இரு திசையிலும் ஒரே வேகம் தரும் கருவிகளில் சுமையை இரண்டு சோடிகளுக்குப் பகிர்ந்து, துடிப்பு வேகத்தை வினாடிக்கு 584 ஆயிரமாக இறக்குகிறது. அண்மைமுனைக் குறுக்குப் பேச்சின் ஆற்றல் அதிர்வெண்ணின் ஒன்றரை மடி அடுக்கில் ஏறுவதால், துடிப்பு வேகத்தின் பாதியான அதிர்வெண் 1024இலிருந்து 292 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்கும்போது சுமார் 8 டெசிபல் மிச்சமாகிறது. தேய்வும் ஏறத்தாழப் பாதியாகிறது. நான்கு மட்டங்களைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் அதில் 3.5 டெசிபல் போனாலும் இலாபமே. ஒரு குறை, இரு திசைகளும் ஒரே சோடியில் ஒரே அலைவரிசையில் ஓடுவதால் தனி வடமோ திரையோ இங்கே பயன்படாது. வீட்டு இணைய இணைப்புகளுக்கான ஏடிஎஸ்எல் முறை 138 கிலோஹேர்ட்ஸில் திசைகளைப் பிரித்து அந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. ஆனால் மேலேற்றும் வேகம் சுருங்கிவிடும்.

இவற்றில் எதை எடுத்தாலும், மழையில் நனைந்துகொண்டே போட்ட இணைப்பு ஒன்றில் ஒரு சோடியின் கம்பி அடுத்த சோடியின் கம்பியோடு மாறி முறுக்கப்பட்டிருந்தால் சோடியின் இரு கம்பிகளுக்கிடையிலான சமநிலை கெட்டு, குறுக்குப் பேச்சு கூடிவிடும். மல்டிமீற்றர் அதைக் காட்டாது, பேச்சும் ஓரளவு தெளிவாகவே கேட்கும். உயர் அதிர்வெண்ணில் சோடிக்குச் சோடி அளந்தால்தான் அது அகப்படும்.