வடிகட்டி, காயக்கட்டு, குப்பி: எந்த நானோ வெள்ளிக்குப் பயப்பட வேண்டும்?

தண்ணீர் வடிகட்டி, தீப்புண் கட்டு, ‘எதிர்ப்புச் சக்தி’ என்று சொல்லிக் குடிக்க விற்கும் கூழ்ம வெள்ளிக் (வெள்ளித் துகள் மிதக்கும் நீர்) குப்பி. நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய வெள்ளித் துகள், நம்மிடம் வருவது பெரும்பாலும் இப்படித்தான். மூன்றிலும் கிருமியைக் கொல்லும் சரக்கு ஒன்றே: வெள்ளி அயனி. கிருமி எது, கல்லீரல் செல் எது என்று அது ஆள் பார்த்து அடிப்பதில்லை. செல்லுக்குள் புகுந்த துகள் அங்குள்ள அமிலத்தில் மெல்லக் கரைந்து, செல்லைக் காக்கும் குளுட்டதயோனைக் காலி செய்கிறது. எவ்வளவு உள்ளே போகிறது என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

வடிகட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு 2013-இல் வெளியிட்ட வடிவத்தில் துகள் கூண்டுக்குள் சிக்கியே இருக்கும். நீரில் இறங்குவது லிட்டருக்குச் சுமார் 50 மைக்ரோகிராம் வெள்ளிதான். மூன்று லிட்டர் குடித்தாலும் 0.15 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் தினசரி வரம்பு 0.3 மில்லிகிராம். சரி, தூங்கலாம்.

தீப்புண்ணில்தான் உண்மையான போட்டி: வெள்ளிக் களிம்பா, நானோ வெள்ளிக் கட்டா? சில்வர் சல்ஃபாடயசின் 1% களிம்பை தினமும் வழித்தெடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். அந்த நேரத்து வலி பட்டவருக்குத்தான் தெரியும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது, சிலருக்கு வெள்ளையணு குறையும். நானோ வெள்ளிக் கட்டோ மூன்று நாள்கூட அப்படியே இருக்கும். ஆனால் வெந்த இடத்தில் தோல் என்ற மதில் இல்லையே. ஆஸ்திரியாவில் உடலில் 30% வெந்த 17 வயதுப் பையனுக்கு ஒரு வாரத்திலேயே முகம் சாம்பல் பூத்தது, கல்லீரல் நொதிகள் ஏறின. கட்டை எடுத்தபின் இறங்கின. 2006-இல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. என் ஓட்டு அப்போதும் கட்டுக்குத்தான், காயம் பரந்ததென்றால் கல்லீரல் பரிசோதனையோடு. தோசைக்கல் சுட்ட விரலுக்கு இரண்டுமே வேண்டாம்; குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும்.

அப்புறம் குப்பி. நேர்மையாகச் சொன்னால், 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) கரைசலில் ஒரு தேக்கரண்டி குடித்தால் 0.05 மில்லிகிராம்தான், வரம்புக்குள்தான். 90 நாள் எலிச் சோதனையில் கல்லீரல் கெட்டது உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 125 மில்லிகிராமிலிருந்து. அந்த அளவை யாரும் குடிப்பதில்லை. பெண் எலிகளின் சிறுநீரகத்தில் ஆண் எலிகளைவிட வெள்ளி அதிகம் சேர்ந்தது என்பதுதான் எனக்கு உறுத்தல். ஆனால் காயக்கட்டுக்காவது பலன் உண்டு. வாய்வழி வெள்ளிக்குப் பாதுகாப்பும் பலனும் நிரூபிக்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-லேயே சொல்லிவிட்டது. பலனே இல்லாத இடத்தில் சின்ன ஆபத்தும் நட்டம்தான்.

வீட்டில் பேட்டரியும் வெள்ளிக் கம்பியும் வைத்துக் காய்ச்சுகிறவருக்கோ பிபிஎம் கணக்கே கிடையாது. அமெரிக்காவின் மொன்டானாவில் 2002-இல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ் அப்படித்தான் செய்து குடித்தார். 2000-ஆம் ஆண்டு பிறந்தால் கணினிகள் குழம்பி ஆன்டிபயாடிக் கிடைக்காது என்று பயம். ஆன்டிபயாடிக் கடையில் இருந்தது. அவர் தோல்தான் நீலச் சாம்பலாகிவிட்டது.