ருமேனியாவுக்கு ஆள் அனுப்பும் திருகோணமலை ஏஜென்சி: ஒப்பந்தம் சரி, சம்பளத் தாள் பிழை

டவுனுக்குள் இருக்கும் இந்த முகவர் நிலையத்தின் பெயர் வேண்டாம். இதே குறைகள் வேறு இடங்களிலும் உண்டு.

காசுப் பேச்சுக்கு முன்பே இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் காட்டுகிறார்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தைத் தமிழில் வரி வரியாக வாசித்து விளக்குவதுதான் இங்கே உண்மையான பலம். சாதாரண வேலைக்குத் தகுதிகாண் காலம் 90 நாளுக்கு மேல் கூடாது, வருட லீவு குறைந்தது 20 வேலைநாள், வாரம் 40 மணித்தியாலம், ஓவர்டைமோடு சராசரி 48 என்று எல்லாம் அந்நாட்டுத் தொழிற்சட்டப்படி சரியாகச் சொல்கிறார்கள்.

சறுக்குவது, போகிறவர்களுக்குக் காட்டும் சம்பளத் தாளில். கட்டட வேலைக்கு மாதம் 4,582 லெய் (ருமேனியக் காசு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. 2025இல் அந்தத் துறையின் குறைந்தபட்சச் சம்பளம் அதுதான், பொய்யில்லை. ஆனால் பிடித்தங்களுக்கு முந்திய தொகை அது. ஓய்வூதியத்துக்கு 25%, சுகாதாரக் காப்புறுதிக்கு 10% போய், மிச்சத்தில் 10% வருமான வரியும் போனால் கைக்கு வருவது 2,700 லெய் அளவு. கட்டடத் தொழிலாளருக்கு இருந்த வரிச்சலுகை 2025 ஜனவரி 1இல் நீங்கியது. இவர்களின் கணக்கு அதற்கு முந்தியது. அந்தத் தாளை நம்பிக் கடன் வாங்கினால் தவணை கட்ட முடியாமல் முழிக்க வேண்டிவரும்.

ஓவர்டைமையும் நேரே காசாகப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். சட்டப்படி முதலில் தரவேண்டியது சம்பளத்தோடு ஓய்வு, அதுவும் 90 நாளுக்குள். அது முடியாவிட்டால்தான் குறைந்தது 75% மேலதிகம். "மாதம் இவ்வளவு ஓவர்டைம் நிச்சயம்" என்ற பேச்சைக் காதில் போடாதீர்கள்.

கேட்டால் தவிர வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு: முதல் வருடத்துக்குள் வேறு முதலாளியிடம் மாற, இப்போதைய முதலாளியின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கொம்பனி பிடிக்காவிட்டால் மாறலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஷெங்கன் கதையும் அப்படித்தான். எல்லைச் சோதனையில்லாமல் போய்வரும் அந்த ஐரோப்பிய நாடுகளின் வலயத்துக்குள் 2025 ஜனவரியில் ருமேனியா முழுமையாக வந்தது உண்மை. அந்த வதிவிட அனுமதியோடு இத்தாலிக்குப் போய் 180 நாளில் 90 நாள் சுற்றிப்பார்க்கலாம், வேலை செய்ய முடியாது. அங்கே வேலை செய்யலாம் என்று யாராவது நினைத்துப் பேசினால் மேசையில் இருப்பவர் மறுப்பதில்லை, சிரித்துவிட்டு விடுகிறார். அந்தச் சிரிப்புக்கு நான் புள்ளி குறைப்பேன்.

கட்டண விபரத்தில் ஆவண அத்தாட்சிக்கென்று கொழும்புப் பயணச் செலவு சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறதே! அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். மிச்சத்துக்கு ஒவ்வொரு தொகையாகப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சப் ஏஜென்டின் கையில் கொடுத்த காசுக்கு இந்த அலுவலகம் சீட்டு எழுதுவதில்லை.