டீர்ஃபீல்டா, சிசெலியா: எந்தத் தொடரை முதலில் பார்ப்பது?

‘தி பிக் டோர் பிரைஸ்’ (2023–24), ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ (1990–95): இரண்டுமே சிற்றூர்க் கதைகள். முன்னதில் ஊர் டீர்ஃபீல்ட், பின்னதில் சிசெலி.

நேரம்: முன்னது 20 பகுதிகள், அரைமணி அளவில். பின்னது 110, முக்கால் மணி.

கேள்வி: டீர்ஃபீல்ட் மளிகைக் கடையில் திடீரென முளைத்த இயந்திரம், ஒருவர் வாழ்க்கையில் எட்டக்கூடிய உயரத்தை நீல அட்டையில் அச்சிட்டுத் தருகிறது. நாற்பது வயது டஸ்டிக்கு வந்தது: ‘ஆசிரியர், விசிலடிப்பவர்’. அவர் ஏற்கெனவே அதுதானே! அவருடைய ஏமாற்றம் என்னை உலுக்கிவிட்டது. அலாஸ்காவின் சிசெலியில் அட்டை கிடையாது. நியூயார்க் டாக்டர் ஊரோடு மெல்லக் கரைகிறார்.

குறை: முன்னது இரண்டு சீசனோடு நின்றுவிட்டது, மர்மம் முழுதாக அவிழவில்லை.

வேலையை மாற்றலாமா என்று தூக்கம் கெட்டவர்களுக்கு டீர்ஃபீல்ட். ஓர் ஊரில் நிதானமாகக் குடியிருந்து பார்க்க சிசெலி.