உண்டியலா, பாஸ் புத்தகமா, கையில் காசா?

ஐந்து முதல் பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குக் காசின் அருமையை எப்படிப் புரியவைப்பது என்று கேட்டால், வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் யோசிக்காமல் சொல்வது உண்டியலைத்தான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அஞ்சலகத்தைச் சொல்வார்கள். வாராவாரம் கையில் காசு கொடுத்துவிடலாமே என்றால், "பிள்ளையைக் கெடுக்கவா?" என்று முறைப்பார்கள். என் ஓட்டு அந்த மூன்றாவதற்குத்தான்.

உண்டியலைக் குறைத்துச் சொல்லவில்லை. மண்பாண்டத்துக்குப் பேர்போன கரிகிரி காட்பாடிக்கு அருகிலேயே இருக்கிறது என்றாலும், திருவிழாக் கடையில் விற்கும் சாதாரண மண் உண்டியலே போதும். காசு சேரச் சேர அதன் கனம் கைக்குத் தெரிகிறது. வீட்டுச் செலவெல்லாம் கைபேசியில் ஸ்கேன் செய்தே முடிந்துவிடும் இந்நாளில், காசு என்று தொட்டுப் பார்க்கும் பொருள் ஒன்று உண்டு என்பதையே பல குழந்தைகள் உண்டியலால்தான் அறிகிறார்கள்.

ஆனால் உண்டியல் போடத்தான் கற்றுக்கொடுக்கும். எடுத்துச் செலவு செய்யக் கற்றுக்கொடுக்காது. உடைக்கும் நாளில் பெரியவர்களே எண்ணி, அவசரத்துக்கு என்று பெரியவர்களே எடுத்துக்கொள்ளும் வீடுகள் ஏராளம். அங்கே பிள்ளை கற்பது வேறு பாடம். உள்ளே கிடக்கும் காசுக்கு வெளியே நடப்பதும் தெரியாது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, உண்டியலில் இருந்தவையும் சேர்ந்தே செல்லாமல் போயின. பத்து ரூபாய் நாணயத்தின் கதை இன்னும் வேடிக்கை. யாரோ கிளப்பிய வதந்தியை நம்பி, கடைகளில் அதை வாங்க மறுத்தார்கள். புழக்கத்தில் உள்ள 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே விளக்கம் கொடுத்தது. அதற்குப் பிறகும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கை 500 ரூபாயில் தொடங்கலாம். பத்து வயது நிரம்பிய பிள்ளை தன் கணக்கைத் தானே நடத்தலாம். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கைப்படி, வங்கிகளும் அந்த வயதில் இதை அனுமதிக்கலாம். எந்தத் தொகை வரை என்பது அந்தந்த வங்கியின் முடிவு. பத்து வயதுக்கு மேல் இது அருமையான ஏற்பாடு. அதற்குக் கீழே பலன் குறைவு. ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் 500 ரூபாய்க்குக் கிடைப்பது 20 ரூபாய். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது ஒரு யுகம். அதன் முடிவில் ஓர் ஐஸ்கிரீம் விலை வந்து நின்றால் வட்டியின் மகிமை எப்படி விளங்கும்? பள்ளியிலேயே சஞ்சயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் நடந்த காலத்தில் பக்கத்துப் பையனும் காசு கட்டினான் என்ற போட்டியாவது இருந்தது.

செல்வமகள் சேமிப்புத் திட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. நல்ல திட்டம்தான், ஆனால் அது பெற்றோரின் சேமிப்பு. 18 வயது வரை அந்தக் கணக்கு மகளின் கைக்கு வராது.

பாத்திரம் துலக்கினால் பத்து ரூபாய் என்று வீட்டு வேலைக்குக் கூலி பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாலும் விலை கேட்பார்கள்.

இனி கையில் காசு. வாரத்துக்கு இருபதோ முப்பதோ, குறிப்பிட்ட ஒரே கிழமையில் கொடுங்கள். எதற்குச் செலவழித்தாய் என்று விசாரணை வேண்டாம். தீர்ந்துவிட்டது என்று வந்தால் மறுபடி கொடுக்கவும் வேண்டாம். இரண்டாவதுதான் கடினம். கூடவே கடைக்கு அழைத்துப் போய், பேரத்தையும் மீதிக் காசையும் பிள்ளையிடமே விடுங்கள். நேதாஜி மார்க்கெட்டில் என் தங்கை மகள் நூறு ரூபாய் நோட்டை நீட்டி, அரைக் கிலோ இலவம்பாடி முள் கத்திரிக்காய் வாங்கினாள். விலை முப்பது. கைக்கு வந்தது அறுபது. காம்பு முள் குத்தாமல் பையை ஓரமாக வைத்துவிட்டு, விரல் மடக்கி எண்ணினாள்.

"ஆயா, இன்னும் பத்து ரூபாய் வர வேண்டும்."

கடைக்கார ஆயா சிரித்துக்கொண்டே ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது செல்லுமா?" என்றாள்.

"செல்லும் கண்ணு. எல்லாரும் வாங்கினால் செல்லும்."

ரிசர்வ் வங்கியின் விளக்கத்தைவிட இது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. கழித்தல் கணக்கு, கேட்டு வாங்கும் துணிவு, நாணயத்தின் மேல் நம்பிக்கை மூன்றும் ஒரே கடையில் கிடைத்தன. உண்டியலும் பாஸ் புத்தகமும் இதில் ஒன்றைக்கூடத் தரவில்லை.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள், அன்றைய காசை வீட்டிலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். ராட்டினமா பலூனா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். தாத்தா பாட்டியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பிள்ளையை ஓரமாக அழைத்துப் போய், தீர்ந்த காசை நிரப்பிவிடுவது அவர்கள்தான்.